இரண்டாம் நம்பர்

ஒரு முடி.
மோதிரம் மாற்ற இருபது நிமிடம் இருக்கையில்
லூர்து நிஷாவின் இடது கண்ணுக்குள்
என் பிரஷ்ஷிலிருந்து கழன்று விழுந்த
ஒற்றை முடிக்கு
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கழித்துக்கொண்டார்கள்.
சிவந்த கண்ணோடு அவள் நின்ற படம்
அவர்கள் ஆல்பத்தில் இருக்காது.
என்னிடம் இருக்கிறது.

அதனால்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை
ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி
சிக்பேட்டையில் இறங்கி
மாமூல்பேட்டைச் சந்துக்குள் நிற்கிறேன்.
பையில் எண்ணூறு ரூபாய்,
மனதில் ஐந்தே ஐந்து பிரஷ்.

கடைக்காரர் முதலில் நீட்டுவது
எப்போதும் இருபத்துநான்கு உள்ள பெட்டிதான்.
ரோஸ் நிறப் பிடி, தோல் மாதிரி ஒரு பை,
முந்நூற்றைம்பது.
இருபத்துநான்கில் பதினெட்டு எதற்கென்று
அவருக்கும் தெரியாது,
செய்த கம்பெனிக்கும் தெரிந்திருக்காது.
வரிசை நிரம்ப வேண்டுமே என்று பிறந்தவை.
உதிரியாகக் காட்டுங்கள் என்றேன்.
உதிரி என்றதும்
அவர் முகத்திலிருந்து ஏதோ உதிர்ந்தது.

புறங்கையில் வைத்து வட்டமாகச் சுற்றினேன்.
குத்தியது, தள்ளி வைத்தேன்.
அடுத்ததை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்தேன்.
மூன்று முடி கையோடு வந்தது.
தகரக் கழுத்தைத் திருகிப் பார்த்தேன்,
கோழி வாங்க வந்தவள் மாதிரி.
கழுத்து ஆடினால்
இரண்டாம் கழுவலில் தலை தனி, பிடி தனி.

"இது அசல் ஆட்டுமுடி மேடம், அதான் அறுநூறு."
ஒரே ஒரு இழையைப் பிடுங்கிக்கொண்டு
தீப்பெட்டி கேட்டேன்.
ஆடாக இருந்தால்
தலைமுடி கருகிய வாடை அடிக்க வேண்டும்.
இது சுருண்டு, உருகி,
கடுகளவு மணியாகி
நகத்தில் ஒட்டிக்கொண்டது.
அவர் சிரித்துவிட்டார். நானும்.
உண்மையில் எனக்கு வேண்டியதே நைலான்தான்.
கிரீமைக் குடிக்காது, சீக்கிரம் காயும்.
ஆட்டின் விலைதான் வேண்டாம்.
நூற்று நாற்பதுக்கு இறங்கி வந்தது ஆடு.

பவுடருக்கு ஒன்று நூற்று அறுபது,
இமைக்கு இரண்டு, எழுபது எழுபது.
ஐலைனர் பிரஷ் மட்டும் அமையவில்லை.
எல்லா நுனியும்
மழையில் நனைந்த காக்கையின் வால்.

தள்ளுவண்டிக்கு ஒதுங்கி
அவென்யூ ரோட்டில் திரும்பினால்
பழைய கைடுகளுக்கும் கிராஃப் நோட்டுகளுக்கும் நடுவே
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய
ஓவிய பிரஷ்கள்.
இரண்டாம் நம்பர், முப்பது ரூபாய்.
தண்ணீர் பாட்டில் மூடியில் தொட்டெடுத்தேன்.
ஊசியில் கோக்குமுன்
உதட்டில் நனைத்த நூல்போல்
ஒற்றை நுனியாய் நின்றது.

"யாவ் க்ளாஸ் மா, மகு?"
என்றார் கல்லாவில் இருந்த அம்மாள்.
"மூணாவது" என்றேன்.
வாய் ஏன் அப்படிச் சொன்னதோ.
எனக்கு முப்பத்தாறு வயது,
வீட்டில் நானும் ஒரு குக்கரும்.
சென்னாகி ஓத்லி என்று
ஒரு ரப்பரையும் சும்மா வைத்துக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

இரவு
ஒரு ரூபாய் ஷாம்பூவைக் கிழித்து
ஐந்தையும் கழுவினேன்.
மக்கின் அடியில் எண்ணினேன்:
ஆட்டிலிருந்து இரண்டு முடி,
பவுடரிலிருந்து ஒன்று,
இரண்டாம் அலசலில் எதுவும் இல்லை.
துணிக்கிளிப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டேன்.
நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிப்
பசை விட்டுவிடும்.

முப்பது ரூபாய் மட்டும்
காயும்வரை பொறுக்கவில்லை.
டியூப்லைட்டுக்கு அடியில்
இடது கண்ணில் ஒரு கோடு இழுத்தேன்.
மூன்றாம் வகுப்புக்குப் பரவாயில்லை.
வலது கண்ணில் வால் கொஞ்சம் ஏறிவிட்டது.
பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு அழித்து
மறுபடி இழுத்தேன்.

ரப்பர் இன்னும் உறை பிரிக்காமல்
மேக்கப் பெட்டிக்குள் கிடக்கிறது,
லிப்ஸ்டிக்குகளுக்குப் பக்கத்தில்.